கணினி நினைவகத்தின் நிறைவும் நெருக்கடியும்

பலருடைய வேண்டுகோளுக்கு ஓயாது விடையளிக்கும் பொதுக் கணினி சேவையகம் எனப்படும். கல்விச்சாலைகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய கணினிகளைக் காத்து வருவோரிடையே ஓர் அச்சம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நினைவகக் கணக்கை எடுத்துப் பார்ப்போர், 16 கிகாபைட்டு நினைவகத்தில் 300 மெகாபைட்டு மாத்திரமே வெறுமையாய் இருத்தலைக் கண்டு திடுக்கிடுகின்றனர். சிலர் கணினியை நிறுத்தி மீள இயக்குகின்றனர். சிலர் நாள்தோறும் ஒரு கட்டளையால் நினைவகத்தைக் கழுவித் துடைக்கின்றனர். வேறு சிலர் புதிய நினைவகம் வாங்குதற்குப் பொருள் செலவிடுகின்றனர். எது செய்யினும் சில நாள் கழித்துப் பார்க்கும்போது நினைவகம் முன்போலவே நிறைந்து கிடக்கின்றது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. நேற்றுவரை நன்கு தொழில் செய்த சேவையகம், பயன்படுத்துவோர் தொகை சிறிதளவே கூடியதும் திடீரென அசைவற்று நிற்கின்றது. செயலி சோம்பிக் கிடக்கின்றது. வட்டோ ஓயாது இயங்குகின்றது. ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு விடைக்காகப் பல நிமிடம் காத்திருக்க வேண்டியுள்ளது.

நிறைந்த நினைவகம் நலமுடன் தொழில் செய்வதும், சிறிதே மிகுந்த சுமையாற் பெருங்கணினி முடங்கிப்போவதும் முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். இம்முரண்பாட்டை அறிஞர் 1960ஆம் ஆண்டுகளிலேயே ஆராய்ந்து தீர்த்துவிட்டனர். அவர் கண்ட முடிவு இன்றும் பலராற் சரிவர உணரப்படவில்லை. அம்முடிவு எவ்வாறு எய்தப்பெற்றது என்பதையும், இன்றைய சேவையகங்களின் பிணியறிதற்கு அஃது எவ்வாறு பயன்படும் என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைச் சேமிப்பு

கணினி செய்யும் கணக்கு எதுவாயினும், அதற்கு வேண்டிய எண்களும் கட்டளைகளும் கைக்கெட்டுந் தூரத்தில் இருத்தல் வேண்டும். விரைவாக எடுக்கத்தக்க நினைவகம் விலை மிக்கது. ஆதலின் அளவிற் சிறியது. மலிவான சேமிப்பு அளவிற் பெரியது. ஆனால் வேகத்திற் குறைந்தது.

நூல்நிலையத்தில் அமர்ந்து கற்கும் மாணவனை இதற்கு உவமையாகக் கூறலாம். அவன் மேசையில் ஏழெட்டு நூல்களை விரித்து வைத்தற்கே இடமுண்டு. அலுமாரிகளிலோ ஆயிரக்கணக்கான நூல்கள் உள. மேசை மேலுள்ள நூலைப் புரட்டுதற்கு ஒரு கணம் போதும். அலுமாரியிலுள்ளதை எடுத்தற்கோ எழுந்து நடத்தல் வேண்டும். எந்நூல்களை மேசையில் வைத்திருப்பது, இடம் போதாதவிடத்து எதனைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பது என்பனவே அவன் முன்னுள்ள வினாக்கள். கணினி நினைவகத்தின் வரலாறு இவ்விரு வினாக்களின் வரலாறே எனலாம்.

செய்நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து இயங்கிய முதற் கணினி, இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி தொழிற்பட்டது. வில்லியம்ஸ், கில்பேர்ண், டூட்டில் என்னும் மூவர் அதனை ஆக்கினர். கதோட்டுக்கதிர்க் குழாயின் முகத்தில் மின்னேற்றப் புள்ளிகளாக எண்களைப் பொறித்து வைத்த அதன் நினைவகம், 32 பிட்டு நீளமுள்ள 32 சொற்களையே கொண்டிருந்தது. அதன் வழிவந்த மான்செஸ்டர் மார்க் 1 என்னும் கணினிக்கு, 1949ஆம் ஆண்டில், சுழலுங் காந்த உருளையொன்று துணைச் சேமிப்பாக அமைக்கப்பட்டது. மேசையும் அலுமாரியும் ஒரே கணினியில் ஒன்றுசேர்ந்தமையை இங்குக் காண்கின்றோம். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், வேர்ள்விண்ட் என்னுங் கணினியிற் சிறு காந்த வளையங்களாலாகிய நினைவகம் பொருத்தப்பட்டது. நம்பகமும் வேகமும் வாய்ந்த அவ்வளைய நினைவகமே அடுத்த இருபது ஆண்டுகள் வரையிற் பெரிதும் வழங்கியது.

அக்காலத்திற் செய்நிரல் எழுதுவோர், நினைவகத்துள் அடங்காத பெரிய செய்நிரலைத் தாமே துண்டு துண்டாகப் பிரித்து, எத்துண்டு எப்பொழுது உருளையிலிருந்து வரவேண்டும், எதன்மேற் படியவேண்டும் என்று கணக்கிட்டு எழுதுதல் வேண்டியிருந்தது. தீர்க்கவேண்டிய கணக்கிற் செலுத்தவேண்டிய அறிவு, துண்டுகளை ஏற்றி இறக்கும் வேலையிற் செலவாயிற்று. கணினியை மாற்றினாலோ, நினைவகத்தின் அளவு கூடினாலோ, அவ்வேலையை மீளவுந் தொடங்குதல் வேண்டும்.

அட்லஸ் காட்டிய வழி

இத்தொல்லையிலிருந்து விடுதலை அளித்தது, மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகமும் பெராண்டி நிறுவனமும் கூடி ஆக்கிய அட்லஸ் என்னுங் கணினியாகும். 1962ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி அது முறைப்படி இயக்கி வைக்கப்பட்டது. அதன் வளைய நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. காந்த உருளைகள் 98,304 சொற்களைக் கொண்டன. கில்பேர்ணும் அவர்தம் துணைவரும் இவ்விரண்டையும் செய்நிரல் எழுதுவோருக்கு ஒரே நினைவகமாகத் தோன்றும்படி செய்தனர். 1962இல் வெளியான தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒருதளச் சேமிப்பு முறை என்னும் பொருள்பட அவர்கள் பெயரிட்டமை கருதத்தக்கது. இன்று மெய்நிகர் நினைவகம் என வழங்குவது இதுவே. பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் குண்ட்ஷ் என்பார் 1956இல் எழுதிய ஆய்வேட்டில் இவ்வெண்ணம் முன்னரே இடம்பெற்றிருந்தது. ஆயினும், அதனைச் செயலிற் காட்டியது அட்லஸ் ஆகும்.

அட்லசின் உபாயம் எளியது. நினைவகம் 512 சொற்கள் கொண்ட 32 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் அடங்குவது ஒரு பக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவேடு இணைக்கப்பட்டு, அப்பகுதியில் அவ்வேளை எப்பக்கம் உள்ளது என்பது அதிற் குறிக்கப்பட்டது. செய்நிரல் ஒரு சொல்லை வேண்டியதும், அச்சொல்லுக்குரிய பக்கவெண் 32 பதிவேடுகளோடும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்பட்டது. பொருத்தம் காணப்படின் வேலை தடையின்றி நடந்தது. காணப்படாவிடின் செய்நிரல் நிறுத்தப்பட்டு, மேற்பார்வைச் செய்நிரல் உருளையிலிருந்து அப்பக்கத்தை எடுத்து வந்தது. இந்நிகழ்ச்சியைப் பக்கத் தவறு என வழங்குவர். பெயர் தவறு என்றிருப்பினும் இதிற் பிழையொன்றும் இல்லை. வேண்டிய பக்கம் மேசையில் இல்லை என்பதே அதன் பொருள்.

புதிய பக்கம் வருதற்கு இடம் வேண்டும் அன்றோ? அட்லஸ் எப்பொழுதும் ஒரு பகுதியை வெறுமையாக வைத்திருந்தது. வரும் பக்கத்தை அதில் ஏற்றத் தொடங்கியதும், அடுத்து வெளியேற்றவேண்டிய பக்கத்தைத் தெரிவுசெய்தது. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காலம் தொடப்படாது கிடக்கின்றது, முன்னர் எவ்வளவு காலம் அவ்வாறு கிடந்தது என்பவற்றை நோக்கி, இனிப் பயன்படாது எனத் தோன்றுவதையே அது வெளியேற்றியது. கற்குஞ் செய்நிரல் என அதற்குப் பெயரிட்டனர்.

அட்லசின் 32 பகுதிகளில் வெறுமையாக விடப்பட்டது ஒன்றே என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. எஞ்சிய 31உம் நிறைந்திருந்தன. நிறைந்திருத்தல் வேண்டும் என்றே அவை அமைக்கப்பட்டன. விலை மிக்க நினைவகத்தை வெறுமையாக விடுதல் வீண்செலவு என்பதை முன்னோடிகள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

இடமாற்றலும் பதுக்கலும்

பக்கம் பக்கமாக மாற்றும் இம்முறையோடு, செய்நிரலை முழுதாகவே மாற்றும் முறையும் அக்காலத்தில் எழுந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கொர்பாட்டோ என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட காலப்பகிர்வு முறைமை 1961ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதற் செய்து காட்டப்பட்டது. பலர் ஒரே கணினியைத் தத்தம் தட்டச்சுப் பொறியிலிருந்து பயன்படுத்த அது வழிசெய்தது. ஒருவருடைய முறை முடிந்ததும் அவருடைய செய்நிரல் துணைச் சேமிப்புக்கு அனுப்பப்பட்டு, அடுத்தவருடைய செய்நிரல் நினைவகத்துட் கொண்டுவரப்பட்டது. இதுவே இடமாற்றல் எனப்படும். இன்று சேவையகங்களின் வட்டில் இடமாற்றற் பரப்பு என ஒதுக்கி வைக்கப்படும் பகுதி இப்பழம் பெயரையே தாங்கி நிற்கின்றது. எனினும் அதிற் பெரும்பாலும் நடைபெறுவது அட்லஸ் வழிவந்த பக்கமாற்றமே.

மூன்றாவது வழி பதுக்கல் என்பதாகும். வணிகத்திற் பதுக்கல் என்பது பழிக்கப்படுஞ் செயல். கணினியிலோ அது பாராட்டப்படும் நற்செயல். ஒருமுறை எடுத்த பொருளை மீண்டும் வேண்டியிருக்கும் என எண்ணி அண்மையில் வைத்துக்கொள்வதே அதன் இயல்பு. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மொறிஸ் வில்க்ஸ் 1965ஆம் ஆண்டில் இரண்டே பக்கங்களில் எழுதிய கட்டுரையொன்றில், பெரிய நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே சிறிய, விரைவு மிக்க அடிமை நினைவகம் ஒன்றை வைத்தல் நன்று என எடுத்துக் காட்டினார். ஐ.பி.எம். நிறுவனம் 1968இல் அறிவித்த சிஸ்டம் 360 மாதிரி 85 என்னுங் கணினியில் இத்தகைய நினைவகம் இடம்பெற்றது. மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு மொழி வேரிலிருந்து பிறந்த கேஷ் என்னுஞ் சொல் அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் ஆய்விதழில் வழக்குப் பெற்றது. பதுக்கு நினைவகம் என நாம் கூறுவது இச்சொல்லின் ஆக்கமே.

இதே எண்ணம் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையேயும் பொருந்தும். வட்டிலிருந்து படித்த கோப்பின் பகுதிகளை நினைவகத்தில் விட்டுவைத்தால், அடுத்த முறை வட்டை நாடவேண்டியதில்லை. யுனிக்ஸ் முறைமையைப் படைத்த றிச்சியும் தொம்சனும் 1974இல் எழுதிய கட்டுரையில், தம் கணினியின் 144 கிலோபைட்டு நினைவகத்தில் 42 கிலோபைட்டு முறைமைக்கே உரியதாயிற்று என்றும், வட்டுப் பதுக்கத்துக்குரிய இடம் அதில் தாராளமாக ஒதுக்கப்பட்டது என்றும் கூறினர். அந்நாளில் ஒவ்வொரு கிலோபைட்டும் அரியதாயிருந்தது. அத்தகைய காலத்திலேயே பதுக்கத்துக்குத் தாராளமாக இடம் விட்டமை அதன் பயனுக்குச் சான்றாகும்.

அலைக்கழிதல்

1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் மெய்நிகர் நினைவகம் பற்றிய மகிழ்ச்சி கவலையாக மாறத் தொடங்கியது. பல செய்நிரல்களை ஒருங்கே நினைவகத்தில் ஏற்றினால், ஒன்று வட்டுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று செயலியைப் பயன்படுத்தும். அதனாற் பயன் மிகும் என எதிர்பார்த்தனர். ஓர் எல்லைவரை அவ்வாறே நடந்தது. எல்லையைக் கடந்ததும், மேலும் ஒரு செய்நிரலைச் சேர்த்த மாத்திரத்தில், செய்யப்படும் வேலை சிறிது சிறிதாகக் குறையாமல் திடீரென வீழ்ச்சியுற்றது. கணினி பக்கங்களை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே காலங் கழித்தது. இந்நிலையை அலைக்கழிதல் எனலாம்.

முதலிற் பலர் பக்கங்களைத் தெரிந்து வெளியேற்றும் விதியிலேயே குறை காண முயன்றனர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பெலாடி 1966இல் இவ்விதிகளை ஒப்புநோக்கி ஆராய்ந்தார். எதிர்காலத்தில் எப்பக்கம் மிகப் பிந்தி வேண்டப்படுமோ அதனை வெளியேற்றுவதே தலைசிறந்த விதி என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. எதிர்காலத்தை அறிதல் எந்தக் கணினிக்கும் இயலாது. ஆதலின் அவ்விதி பிற விதிகளை அளந்து பார்க்கும் அளவுகோலாக மாத்திரமே பயன்படும். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் எளிய விதியைக் கையாளுமிடத்து, நினைவகத்தைக் கூட்டினாற் பக்கத் தவறுகள் மிகுதலும் உண்டு என்னும் வியத்தகு உண்மையை, பெலாடியும் அவர்தம் துணைவரும் 1969இல் வெளியிட்டனர்.

விடையை வேறொரு திசையிலிருந்து கண்டவர் பீற்றர் டெனிங் என்பார். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், 1967ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நடைபெற்ற மாநாடொன்றிற் படித்து 1968இல் வெளியிட்ட கட்டுரையிலே, தொழிற்படு தொகுதி என்னுங் கருத்தை நிறுவினார். எச்செய்நிரலும் தன் பக்கங்கள் யாவற்றையும் ஒரே காலத்தில் வேண்டுவதில்லை. குறித்த ஒரு காலப்பகுதியிற் சில பக்கங்களையே மீண்டும் மீண்டும் நாடுகின்றது. அண்மைக் காலத்தில் நாடப்பட்ட அப்பக்கங்களின் கூட்டமே அதன் தொழிற்படு தொகுதி. அத்தொகுதி முழுவதும் நினைவகத்தில் அடங்குமாயின் செய்நிரல் விரைந்து செல்லும். அதில் ஒரு பகுதி வெளியே தள்ளப்படின், தள்ளப்பட்ட பக்கம் உடனே மீள வேண்டப்படும். அதற்காக வேறொரு செய்நிரலின் தேவையான பக்கம் தள்ளப்படும். அதுவும் உடனே வேண்டப்படும். மேசை நிறைந்திருத்தல் மாணவனுக்கு இடையூறு ஆகாது. அவன் ஒரே வேளையில் ஒப்புநோக்கவேண்டிய நூல்கள் பத்தாகவும் மேசையில் இடம் ஒன்பதுக்காகவும் இருக்கும்போதே அவன் கற்பதை விட்டு நடக்கத் தொடங்குகின்றான்.

வீழ்ச்சி ஏன் திடீரென நிகழ்கின்றது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நினைவகத்தில் ஒரு சொல்லை எடுத்தற்கு 100 நனோ செக்கனும், சுழலும் வட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தற்கு 10 மில்லி செக்கனும் செல்லும் எனக் கொள்வோம். பின்னது முன்னதன் 100,000 மடங்காகும். நூறாயிரம் நாட்டங்களில் ஒன்று மாத்திரம் பக்கத் தவறாயின், சராசரிக் காலம் 100 நனோ செக்கனிலிருந்து 200 நனோ செக்கன் ஆகும். அதாவது வேகம் பாதியாகும். ஆயிரத்தில் ஒன்று தவறுமாயின் சராசரி 10,100 நனோ செக்கன் ஆகும். வேகம் நூற்றிலொரு பங்காகச் சுருங்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்பது எண்ணளவிற் சிறிது. விளைவிலோ கணினியின் முடக்கம். இக்காலத் திண்மநிலை வட்டுகள் பன்மடங்கு விரைவானவையாதலின் இடைவெளி குறைந்துள்ளது. ஆயினும் அவையும் நினைவகத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மெதுவானவையே.

டெனிங் கூறிய மருந்தும் எளியதே. தொழிற்படு தொகுதிகளின் கூட்டுத்தொகை நினைவகத்தின் அளவை மிஞ்சுமிடத்து, சில செய்நிரல்களைச் சற்றே நிறுத்திவைத்தல் வேண்டும். குறைந்த செய்நிரல்களை ஓடவிட்டால் மிகுந்த வேலை நடக்கும். டேவிட் சேயர் 1969இல் வெளியிட்ட ஆய்வு, தானியங்கும் பக்கமாற்றம், மனிதர் கையாற் செய்த பகுப்புக்குப் பெரிதும் ஈடாகவல்லது என்பதைக் காட்டியது. அதன் பின்னர் ஐயங்கள் தணிந்தன. 1972ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது.

யுனிக்சிலிருந்து லினக்ஸ் வரை

தொடக்க கால யுனிக்ஸ் செய்நிரல்களை முழுதாகவே இடமாற்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தார் 1979இன் இறுதியில் வெளியிட்ட பதிப்பு, வாக்ஸ் கணினியிற் பக்கமாற்றத்தை யுனிக்சுக்கு வழங்கியது. 1985இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 80386 என்னுஞ் செயலி, 4 கிலோபைட்டுப் பக்கங்களைக் கையாளும் ஆற்றலைச் சிறு கணினிகளுக்கும் கொணர்ந்தது. அச்செயலிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், 1992 ஜனவரியில் வட்டுக்குப் பக்கமாற்றுந் திறனைப் பெற்றது. இன்று உலகின் சேவையகங்களிற் பெரும்பாலானவை லினக்சிலேயே இயங்குவதால், நினைவகப் பிணியறிதல் என்பது பெரும்பாலும் லினக்சின் கணக்கைப் படித்தலே ஆகும்.

லினக்ஸ், செய்நிரல்கள் கேளாத நினைவகம் அனைத்தையும் கோப்புப் பக்கங்களின் பதுக்கத்துக்குப் பயன்படுத்துகின்றது. செய்நிரல் ஒன்று இடம் வேண்டியவுடன், மாற்றமுறாத கோப்புப் பக்கங்களை அது உடனே கைவிட்டு இடமளிக்கும். அவற்றின் மூலம் வட்டில் இருத்தலால் இழப்பில்லை. மாற்றமுற்று இன்னும் எழுதப்படாத பக்கங்களை முதலில் வட்டில் எழுதிய பின்னரே கைவிடும். கோப்புக்கு உரித்தாகாத செய்நிரலின் சொந்தப் பக்கங்களை இடமாற்றற் பரப்புக்கே அனுப்ப முடியும். இம்மூவகை வேறுபாட்டை அறியாதோர் நினைவகக் கணக்கைப் பிழையாகவே படிப்பர்.

பிழையாகப் படித்தோர் தொகை பெரிது. நினைவகக் கணக்கைக் காட்டும் ஃபிரீ என்னுங் கட்டளை நெடுங்காலம் வெறுமையான அளவையும் பதுக்கத்தின் அளவையும் தனித்தனியே காட்டியது. அவற்றைக் கூட்டி மதிப்பிடுதலே வழக்கமாயிருந்தது. அக்கூட்டலும் நாளடைவிற் பிழையாயிற்று. பல செய்நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் பதுக்கத்துள் எண்ணப்பட்டது. அதனை எளிதிற் கைவிட இயலாது. கைவிடத்தக்க வேறு சிலவோ எண்ணப்படவில்லை. ஆதலின் 2014ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான 3.14ஆம் பதிப்பு, இடமாற்றலின்றிப் புதிய செய்நிரல்கள் பெறத்தக்க நினைவகம் எவ்வளவு என்பதை முறைமை தானே மதிப்பிட்டுக் கூறும் புதிய எண்ணைச் சேர்த்தது.

அவ்வாண்டிலேயே வந்த 3.15ஆம் பதிப்பு வரலாற்று மாணவர்க்குச் சுவையான ஒரு செய்தியைத் தருகின்றது. பதுக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பக்கம் விரைவில் மீள வேண்டப்படுகின்றதா எனக் கவனித்து அலைக்கழிவை அறியும் பகுதியொன்று அதிற் சேர்க்கப்பட்டது. அதனைக் கொண்ட மூலநிரற் கோப்பின் பெயர் தொழிற்படு தொகுதி என்பதே. டெனிங் இட்ட பெயர் ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் லினக்சின் உள்ளத்தில் இடம்பெற்றது.

பிணியறியும் முறை

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு, சேவையகம் தளர்ந்தவிடத்து ஆராயவேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, வெறுமையான நினைவகத்தின் அளவைக் கண்டு அஞ்சலாகாது. பெறத்தக்க நினைவகத்தின் அளவையே நோக்கல் வேண்டும். தொடக்கத்திற் கூறிய கணினியில் 300 மெகாபைட்டே வெறுமையாயினும், பெறத்தக்கது 9 கிகாபைட்டாயின் நோய் ஒன்றுமில்லை. பதுக்கத்தை நாள்தோறும் கட்டளையிட்டுக் கழுவுதல், மாணவன் மேசையிலுள்ள நூல்களையெல்லாம் மாலைதோறும் பிடுங்கி அலுமாரியில் அடுக்குதல் போன்றது. மறுநாட் காலையில் அவன் அவற்றையே திரும்ப எடுத்தற்கு நடப்பான்.

இரண்டாவது, இடமாற்றற் பரப்பில் எவ்வளவு கிடக்கின்றது என்பதிலும், எவ்வளவு வேகத்தில் வந்தும் போயும் நிகழ்கின்றது என்பதே முதன்மையானது. தொடக்கத்தில் ஒருமுறை தொழிற்பட்டுப் பின் உறங்கும் செய்நிரல்களின் பக்கங்கள் வட்டில் மாதக்கணக்காகக் கிடத்தல் நன்றே. அவ்விடம் பயனுள்ள பதுக்கத்துக்கு உதவுகின்றது. விஎம்ஸ்டாட் என்னுங் கட்டளையை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை இயங்கவிட்டு, உட்புகும் பக்கங்களையும் வெளியேறும் பக்கங்களையும் காட்டும் இரு நிரல்களைச் சில நிமிடங்கள் தொடர்ந்து நோக்குக. இரண்டும் சுழியமாயின் அல்லது எப்போதாவது சிறிது அசையின் கவலை வேண்டாம். இரண்டும் இடைவிடாது பெரிய எண்களைக் காட்டின் அதுவே அலைக்கழிவு.

மூன்றாவது, இடமாற்றற் பரப்பை முற்றாக நீக்கிவிட்டால் நோய் தீரும் என எண்ணுதல் தவறு. பரப்பு இல்லாவிடத்துச் செய்நிரல்களின் சொந்தப் பக்கங்களை வெளியேற்ற இயலாது. ஆதலின் நெருக்கடி வந்ததும் கோப்புப் பக்கங்களே வெளியேற்றப்படும். செய்நிரலின் கட்டளைகளைத் தாங்கிய பக்கங்களும் கோப்புப் பக்கங்களே ஆதலின், அவையே வெளியேறி வெளியேறி மீள ஏறும். இடமாற்றல் சுழியம் எனக் கணக்குக் காட்ட, சேவையகம் அலைக்கழிந்துகொண்டிருக்கும். இறுதியில் முறைமை ஏதேனும் ஒரு செய்நிரலைத் தெரிந்து கொன்றுவிட்டு இடந் தேடிக்கொள்ளும். கொல்லப்படுவது பெரும்பாலும் மிகுந்த நினைவகத்தைக் கொண்ட தரவுத்தளமாக அமைந்துவிடும். சுவாப்பினஸ் என்னும் அளவீட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்போர், அது சொந்தப் பக்கங்களையும் கோப்புப் பக்கங்களையும் வெளியேற்றுவதில் எதனை விரும்புவது என்பதை மாத்திரமே தீர்மானிக்கின்றது என்பதை உணர்தல் வேண்டும். தொழிற்படு தொகுதிகள் அடங்காதவிடத்து அதனால் ஆவது சிறிதே.

நான்காவது, நெருக்கடி உண்மையாயின் நினைவகத்தை உண்பது யாது எனக் காணல் வேண்டும். ஒரு செய்நிரலின் அளவு நாளுக்கு நாள் இறங்காது ஏறிக்கொண்டே போயின், பெற்ற நினைவகத்தை அது திருப்பிக் கொடுக்க மறக்கின்றது என்பது தெளிவு. அது செய்நிரலைத் திருத்தித் தீர்க்கவேண்டிய குறையாகும். தரவுத்தளம் தனக்கெனப் பெரிய பதுக்கத்தைக் கொண்டிருக்க, அதே தரவை முறைமையும் பதுக்கி வைத்தலும் உண்டு. தரவுத்தளத்தின் தேவைகளுக்கு முறைமையின் பதுக்கம் ஒவ்வாது என்று ஸ்டோன்பிறேக்கர் 1981இலேயே முறையிட்டார். இவ்விரண்டில் ஒன்றை அளவோடு நிறுத்துதல் நன்று.

இவற்றினும் பெரும்பான்மையான காரணம், ஒரே வேளையில் ஓடவிடப்படுஞ் செய்நிரல்களின் மிகுதியாகும். 4 கிகாபைட்டு நினைவகமுள்ள இணையச் சேவையகமொன்றில், ஒவ்வொன்றும் 50 மெகாபைட்டு வேண்டும் பணிச் செய்நிரல்கள் 150 வரை தோன்றலாம் என அமைத்திருப்பின், வேண்டப்படுவது 7,500 மெகாபைட்டாகும். சாதாரண நாட்களில் 30 மாத்திரமே தோன்றுதலால் எக்குறையும் தெரிவதில்லை. பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில் 150உம் ஒருங்கே தோன்றும்; உடனே அலைக்கழிவு மூளும்; விடை பிந்தப் பிந்தப் புதிய வேண்டுகோள்கள் மேலும் குவியும். தொகையை 50க்கு மட்டுப்படுத்தினால் வேண்டப்படுவது 2,500 மெகாபைட்டே. எஞ்சியது முறைமைக்கும் பதுக்கத்துக்கும் ஆகும். ஐம்பத்தொன்றாவதாக வருபவர் வரிசையிற் சிறிது காத்திருப்பார். ஆயினும் யாவருக்கும் விடை விரைந்து கிடைக்கும். இஃது 1968இல் டெனிங் கூறிய மருந்தே என்பதை மீண்டுங் கூறவேண்டியதில்லை.

இவ்வாறு நோக்கிய பின்னரும் உண்மையான தொழிற்படு தொகுதி நினைவகத்திலும் பெரிதெனக் காணப்படின், அப்பொழுதே புதிய நினைவகம் வாங்குதல் தகும். அப்பொழுது செலவிடும் பொருள் வீண்போகாது.

முடிவுரை

கணினியின் வேகமும் அளவும் இந்த எழுபத்தைந்து ஆண்டுகளிற் கற்பனைக்கெட்டாதவாறு பெருகின. 32 சொற்களில் தொடங்கிய நினைவகம் இன்று பல கோடி கோடிப் பிட்டுகளைக் கொண்டுள்ளது. எனினும் மேசை சிறிது, அலுமாரி பெரிது என்னும் நிலை மாறவில்லை. மேசை வளர வளர அலுமாரியும் வளர்ந்தது. ஆதலின் 1960ஆம் ஆண்டுகளில் எழுந்த வினாவும் அதற்கு அளிக்கப்பட்ட விடையும் பழமை எய்தவில்லை.

2018ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான லினக்சின் 4.20ஆம் பதிப்பு, நினைவகத்துக்காகச் செய்நிரல்கள் காத்துக் கிடந்த காலம் நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதை நேரே அளந்து கூறும் வசதியைத் தந்தது. கடந்த 10 செக்கன், 60 செக்கன், 300 செக்கன் ஆகிய காலப்பகுதிகளுக்கு அவ்வீதத்தை அறியலாம். எவ்வளவு நிறைந்துள்ளது என வினவுவதை விடுத்து, நிறைவினால் எவ்வளவு காலம் வீணாயிற்று என வினவும் நிலையை நாம் இவ்வாறு அடைந்துள்ளோம். சரியான வினாவை அறிஞர் எழுப்பியதற்கும், அதற்கு விடை கூறுங் கருவி பொதுமக்களின் கைக்கு வந்ததற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

கணினியியல் கற்கும் நம் மாணவர் புதியனவற்றையே நாடுதல் இயல்பு. பழைய கட்டுரைகள் அருங்காட்சியகப் பொருள்கள் என அவர்கள் எண்ணுதலும் கூடும். ஆயின், உருளையும் வளையமும் மறைந்த பின்னரும் அவற்றோடு போராடியோர் கண்ட உண்மை மறையவில்லை. நிறைவைக் கண்டு கலங்காது, அலைவைக் கண்டு விழித்துக்கொள்வோரே தம் சேவையகத்தையும் அதனை நம்பியிருக்கும் மக்களையும் காக்கவல்லார். அவ்விழிப்பைத் தருவது வரலாற்று அறிவு என்பது தெளிவாகும்.